சஃப்ரன் வால்டன் சுற்றுநடை: கிழக்கு லண்டன் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

நடப்பதற்கு எதற்குக் காசு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் குழுக் கூட்டத்திலும் முதலில் எழுந்த கேள்வி அதுதான். எஸெக்ஸின் வடமேற்கு மூலையில் சஃப்ரன் வால்டன் என்றொரு பழைய சந்தை நகர் இருக்கிறது. ஈஸ்ற் ஹாம், இல்ஃபோர்ட் பக்கத்து முதியவர்களையும் பிள்ளைகளையும் அங்கே கூட்டிப்போய், ஊர்ப் பூங்கா, ஆறு, வயல் என்று ஏறத்தாழ 10 கிலோமீற்றர் ஒரு சுற்று நடந்து, புறப்பட்ட சந்தைச் சதுக்கத்துக்கே திரும்பி வரவேண்டும். ஒருமுறை போய்ப் படமெடுத்துவிட்டு வருவதாக இல்லை. பருவத்துக்கொரு தடவை போவதாகத் திட்டம். இதற்கு 3,200 பவுண் சேர்க்கப் பார்க்கிறோம்.

எங்கள் முதியவர்களுக்கு நடக்க ஏலாது என்று யாரும் சொல்லவேண்டாம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி கோவிலில் புறப்பட்டு இலங்கையின் தென்கோடிக் கதிர்காமம்வரை பாதயாத்திரை போனவர்கள் இன்றைக்கும் இங்கே நான்காம் மாடி வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களை மறிப்பது முழங்கால் அல்ல. "பிறத்தியாரின் காணிக்குள் எப்படி இறங்குவது? யாராவது பொலிஸைக் கூப்பிட்டால்?" என்ற தயக்கம்தான் மறிக்கிறது. அதைச் சிரித்துத் தள்ள எங்களுக்கு மனமில்லை. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில், இராணுவம் பிடித்துவைத்த சொந்தக் காணியையே முள்வேலிக்கு வெளியே நின்று பார்த்த ஆட்களுக்கு, பச்சைக் கோதுமைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் கால் வைக்கத் துணிவு உடனே வருமா?

ஆனால் அந்தப் பாதை அவர்களுக்கும் உரியது. இதைத்தான் எல்லோருக்கும் விளங்கும்படி சொல்ல விரும்புகிறோம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலம் ஒருவருக்குச் சொந்தமாக இருந்தாலும், அதன் குறுக்கே போகும் பொதுநடைபாதை எல்லோருக்கும் பொது. 1949ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்டம் மாவட்டமாக இந்தப் பாதைகளை வரைபடத்தில் பதியவேண்டும் என்று விதித்தது. அந்த வரைபடத்தில் பாதை இருந்தால் அதுவே சான்று. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. மறிப்பில்லாமல் 20 ஆண்டுகள் மக்கள் உரிமையோடு நடந்துவந்த வழியும் பொதுவழியாகிவிடலாம் என்கிறது 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம். விவசாயிக்கும் கடமை உண்டு. வயலுக்குக் குறுக்கே போகும் நடைபாதையை அவர் உழலாம். ஆனால் முதல் உழவு தொடங்கி 14 நாட்களுக்குள் குறைந்தது ஒரு மீற்றர் அகலத்துக்கு அதைத் திரும்ப நடக்கக்கூடியதாக்கித் தரவேண்டும். வயலோரமாகப் போகும் பாதையை உழவே கூடாது. பயிர் வளர்ந்து பாதையை மூடவும் விடக்கூடாது. மரக்கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கான பாதை; நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் சேர்ந்து வரும்.

மாடுகளைப் பற்றியும் கேட்பார்கள், அதுவும் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பாற்பண்ணை இனக் காளை பத்து மாத வயதைத் தாண்டிவிட்டால், பொதுப்பாதை போகும் புல்வெளியில் அதை விடக்கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது. இறைச்சி இனக் காளையென்றால் பசுக்களோடு சேர்த்து விடலாம். இரண்டையும் தூரத்தில் நின்று எப்படி வேறுபடுத்துவது என்று எங்கள் குழுவில் நடந்த விவாதம் இன்னும் முடியவில்லை. அதுவரை மாட்டைக் கண்டால் விலகிப் போவோம்.

இவ்வளவையும் தமிழில், பெரிய எழுத்தில், வரைபடத்தோடு ஒரு கைநூலாக அச்சிடப் போகிறோம். கேட்கும் பணத்தில் பெரிய பங்கு, 1,100 பவுண், அதற்குத்தான். சட்டம் அதில் பாதி. மீதி அந்த ஊரும் வழியும்.

ஊரின் பெயரிலேயே குங்குமப்பூ இருக்கிறது. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இதைச் சுற்றிய வயல்களில் குங்குமப்பூ விளைந்தது. சாயத்துக்கும் மருந்துக்கும் சமையலுக்கும் விற்றார்கள். ஒரு பூவில் மூன்றே இழைகள். ஒரு கிராம் சேர ஏறக்குறைய 150 பூக்கள் வேண்டும். பிறகு அந்தப் பயிர் கைவிடப்பட்டது. தேவாலயத்துச் சிற்பத்திலும் நகரின் சின்னத்திலும் பூ இருக்கிறது. சந்தை அதைவிடப் பழையது. 1141இல் பக்கத்து நியூபோர்ட்டிலிருந்து இங்கே மாற்றப்பட்ட சந்தை, இப்போதும் செவ்வாயும் சனியும் கூடுகிறது. சனிக்கிழமை எங்களுக்கு வாய்ப்பாக இருந்திருக்கும். தமிழ்ப் பள்ளி அன்றைக்குத்தான் என்பதால் பள்ளி விடுமுறைச் சனிக்கிழமைகளை எடுத்திருக்கிறோம். ஆசிரியர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

சதுக்கத்திலிருந்து மேற்கே நடந்தால் ஓட்லி எண்ட் பூங்கா. முன்பு அங்கே துறவிகளின் மடம் இருந்தது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அது தோமஸ் ஓட்லியின் கைக்கு வந்தது. பிறகு அதே இடத்தில் சஃபோக் பிரபு அரண்மனை அளவுக்கு ஒரு மாளிகை எழுப்பினார். இரண்டாம் சார்ள்ஸ் அரசர் அதை விலைக்கு வாங்கியதும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இங்கேதான் போலந்து நாட்டு இரகசியப் படையினர் பயிற்சி பெற்றார்கள். அவர்களுக்கு வளவுக்குள் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. உள்ளே போக ரிக்கற் வேண்டும், விலையும் கொஞ்சம் கூட. எங்கள் திட்டத்தில் அது இல்லை. சாலைப் பாலத்தில் நின்றாலே காம் ஆறும் புல்வெளியும் அதற்கப்பால் மாளிகை முழுவதும் தெரியும். அதுவே எங்களுக்குப் போதும்.

ஆற்றைக் கடந்தால் லிட்டில்பரி. சின்னக் கிராமம்தான், ஆனால் பிள்ளைகளுக்கு இந்த இடம்தான் பிடிக்கும் என்பது எங்கள் கணிப்பு. ஹென்றி வின்ஸ்ரன்லி என்பவர் இங்கே வாழ்ந்தார். 1644இல் சஃப்ரன் வால்டனில் பிறந்தவர். வீடு முழுக்க வேடிக்கைப் பொறிகளைச் செய்து வைத்து, காசு வாங்கிக்கொண்டு ஆட்களை உள்ளே விட்டார். கடலிலிருந்து இவ்வளவு தள்ளியிருக்கும் ஊர்க்காரர், பிளிமத் துறைமுகத்துக்கு அப்பால் கப்பல்களை விழுங்கிக்கொண்டிருந்த எடிஸ்ரன் பாறைமேல் கலங்கரை விளக்கம் கட்டப் போனார். 1698இல் விளக்கு ஏறியது. 1703 நவம்பரில் பெரும்புயல் வீசிய இரவு அவர் அந்தக் கோபுரத்திலேயே இருந்தார். விடிந்தபோது கோபுரமும் இல்லை, அவரும் இல்லை. அவருடைய வீடும் இன்று இல்லை. இந்தக் கதையை அந்தக் கிராமத்திலேயே நின்று சொல்ல எங்கள் குழுவில் இரண்டு பேர் இப்போதே போட்டி.

அங்கிருந்து வயல்களூடாக ஊர் திரும்பல். நேரமும் காலும் இருப்பவர்களுக்கு, ஊரின் கிழக்கே பொதுத் திடலில் புல்தரையில் வெட்டிய வட்டச் சுழல்பாதை ஒன்று உண்டு. 1699இல் அதைச் செப்பனிட்ட பதிவு இருக்கிறது. முழுதாகச் சுற்றி நடுவைத் தொட ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர். வழி தவற முடியாது, ஒரே பாதைதான்.

இனிக் கணக்கு. வாகனத்துக்கு 1,000 பவுண். ரயிலில் போகலாமே என்பீர்கள். லிவர்பூல் ஸ்ட்ரீற்றிலிருந்து ஓட்லி எண்ட் நிலையத்துக்கு நேரே போகலாம். ஆனால் அந்த நிலையம் ஊரிலிருந்து மூன்று கிலோமீற்றருக்கு மேல் தள்ளி. ஊருக்குள் போன கிளைப்பாதையை 1964இல் மூடிவிட்டார்கள். லண்டனுக்குள் முதியவர்கள் இலவசமாகப் போய்வரும் ஃப்ரீடம் பாஸும் அவ்வளவு தூரம் செல்லாது. ஆகவே முதல் இரண்டு நடைகளுக்கு கோச் பிடிக்கிறோம். பிறகு வருபவர்கள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே பகிர்ந்துகொள்வார்கள்.

சப்பாத்துக்கும் மழை அங்கிக்கும் 900 பவுண். கோவிலுக்குப் போடும் செருப்போடும் பிள்ளைகளின் வெள்ளைச் சப்பாத்தோடும் மழைக்காலக் களிமண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. இவற்றை வாங்கி, இலக்கமிட்டு, இரவல் கொடுத்துத் திரும்ப வாங்குவோம். உங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன நல்ல நடைச் சப்பாத்து இருந்தால் காசைவிட அதை விரும்பி வாங்குவோம். அடி தேய்ந்தது வேண்டாம். மீதி 200 பவுண் முதலுதவிப் பைக்கும் இரண்டு பேரின் முதலுதவிப் பயிற்சிக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சதமும் கேட்கவில்லை. புளிச்சாதமும் ரொட்டியும் வீடுகளிலிருந்து வரும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

ஐந்து பவுண் தந்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. கைநூலின் கடைசிப் பக்கத்தில் தந்தவர்களின் பெயர்கள் அகர வரிசையில் வரும், தொகை வராது. பெயர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். பொன்னாடை, மேடை, பெரிய அட்டையில் காசோலை எதுவும் கிடையாது. தருபவர் கட்டிய வரியில் ஒரு பங்கை அரசிடமிருந்து நன்கொடையோடு சேர்த்துப் பெறும் கிஃப்ட் எய்ட் ஏற்பாட்டுக்கான பதிவு எங்களுக்கு இன்னும் இல்லை. அந்த வரிப்பணத்தை எண்ணித் தருபவர்கள் இதை இப்போதே அறிந்துகொள்வது நல்லது. தொகை எதிர்பார்த்த அளவுக்குச் சேராவிட்டால் முதலில் கைநூலை அச்சிடுவோம், அடுத்தது சப்பாத்து, கோச் கடைசி. கூடச் சேர்ந்தால் மூன்றாவது நடைக்கு வைப்போம்.

தமிழ்ப் பள்ளி நடக்கும் நாட்களில், பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் நேரம் வாசலில் எங்கள் மேசை இருக்கும். பணமோ காசோலையோ அங்கே தரலாம். சப்பாத்து தருபவர்கள் சோடியைக் கயிற்றால் கட்டி, அளவை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். கூட வர விரும்பும் அம்மம்மா, அப்பப்பாமாரின் பெயர்களையும் அதே மேசையில் எழுதிக்கொள்கிறோம். முதல் கோச்சில் அவர்களுக்கே முன்னிருக்கைகள்.

நன்றியுடன்,
சுற்றுநடைக் குழுவினர்