பழைய பதிப்புகளுக்குச் செல்லும் திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருளை உடனுக்குடன் புதுப்பித்துக்கொள்ளுமாறு நாளிதழ்கள் அறிவுறுத்தி வருவது சரியே. ஆனால் அதன்படி பாதுகாப்புத் திருத்தத்தைப் பெற்றுக்கொள்ளும் பராமரிப்பாளர்கள், திருத்தப்பட்ட பதிப்பு கம்பைல்கூட ஆகாமல் (மூல நிரல் இயங்கும் நிரலாக மாறாமல்) நின்றுவிடும் நிலையையும் சந்திக்கிறார்கள். இதற்கான காரணம் பரவலாக அறியப்பட வேண்டும்.

புதிய பதிப்பில் சரிசெய்யப்பட்ட பிழையை, பலரும் பயன்படுத்திவரும் பழைய நிலையான பதிப்பிலும் சரிசெய்வதே பேக்போர்ட். இடைப்பட்ட காலத்தில் சேர்க்கப்பட்ட ஒரு துணைச் செயற்கூறையோ (குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் பகுதி), செயற்கூறுகளின் அறிவிப்புகளைக் கொண்ட, இடம் மாறிய ஒரு ஹெடர் கோப்பையோ அந்தத் திருத்தம் நம்பியிருக்கலாம். பழைய பதிப்பில் அவை இருப்பதில்லை. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து சேர்க்கும் கிட் கருவி, சுற்றியுள்ள வரிகள் பொருந்துகின்றனவா என்று மட்டுமே பார்ப்பதால் திருத்தம் தடையின்றிச் சேர்ந்துவிடுகிறது. கம்பைலரிடம் போன பிறகே குறை தெரிகிறது. எக்ஸ்86 வகைச் செயலி கொண்ட கணினிக்குச் சரியாக பில்ட் ஆகும் (இயங்கும் வடிவில் உருவாகும்) அதே பதிப்பு, மிப்ஸ், பவர்பிசி போன்ற வேறு செயலி வகைகளுக்கோ, சிலரே தேர்ந்தெடுக்கும் அமைவுகளுக்கோ மட்டும் உடைவதும் உண்டு.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் நிலையான வெளியீடுகள் 2005 முதல் இத்தகைய திருத்தங்களால் பராமரிக்கப்படுகின்றன. திருத்தம் புதிய பதிப்புகள் உருவாகும் முதன்மைக் கிளையில் முன்பே இடம்பெற்றிருக்க வேண்டும், மாற்றத்தைச் சுற்றியுள்ள சூழல் வரிகளையும் சேர்த்து 100 வரிகளைத் தாண்டக் கூடாது என்பன அதன் எழுதப்பட்ட விதிகள். நல்ல விதிகள்தாம். ஆயினும் ஒரு வரித் திருத்தமும் பில்டை உடைக்கும் என்பதால், அளவுக்கு வரம்பு விதிப்பது மட்டும் போதாது. வெளியீட்டுக்கு முன் சரிபார்க்கத் தரப்படும் 48 மணி நேரம், தானியங்கி பில்ட் வசதி உள்ளவர்களுக்குப் போதலாம். அதிகம் புழங்காத வன்பொருளைத் தனியாளாகப் பேணும் தன்னார்வலருக்கு அது மிகக் குறைவு என்பது என் உறுதியான கருத்து.

பில்ட் உடைந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. அதைவிட அஞ்ச வேண்டியது, கம்பைல் ஆகியும் தவறாக இயங்கும் பேக்போர்ட். புதிய பதிப்பில் ஒரு செயற்கூற்றை அழைக்கும் நிரலே பூட்டை (ஒரே தரவை இரு பகுதிகள் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கும் ஏற்பாடு) பிடித்திருக்க வேண்டும், பழைய பதிப்பிலோ அச்செயற்கூறே அதைப் பிடித்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேறுபாட்டைக் கம்பைலர் பொதுவாகச் சொல்லாது. இயங்கும்போது ஒரே பூட்டை இருமுறை பிடிக்க முயன்று கணினி உறைந்துபோகும். பில்ட் சோதனையையே முழுமையாகச் செய்யாத இடத்தில் இதைப் பிடிக்கும் சோதனையை எதிர்பார்ப்பது கடினம். இப்படி ஓரிருமுறை அடிபட்ட நிர்வாகி அடுத்த பாதுகாப்புத் திருத்தத்தைத் தள்ளிப்போடுகிறார், அறியப்பட்ட ஓட்டை திறந்தே கிடக்கிறது.

ஆகவே, திருத்தத்தை எழுதுபவர் அதற்கு முன்தேவையான மாற்றங்களையும் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். கர்னல் விதிகளில் இதற்கு ஏற்கெனவே இடம் உண்டு, பலர் பயன்படுத்துவதில்லை. ஆதரவு அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு வன்பொருள் வகைக்கும் பில்ட் செய்து பார்க்காமல் எந்த நிலையான பதிப்பும் வெளியாகக் கூடாது. அதற்கான கணினிகளையும் ஊழியர் நேரத்தையும், இப்பதிப்புகளைத் தம் பொருள்களில் வைத்து விற்கும் நிறுவனங்களே தர வேண்டும்.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்பாளர் ஒருவர்