செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய அச்சுப்படங்களோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவின்படி, அரசியல் நிகழ்வுகளைக் காட்டும் பழைய செப்புத்தகட்டு அச்சுப்படங்களுக்கு இந்த ஆண்டுக் கூட்டங்களை ஒதுக்கினோம். பிரெஞ்சுப் புரட்சி, ஆங்கில நாடாளுமன்றம் என்று பலவற்றைப் பார்த்தாலும், கூட்டம் முடிந்து வாசலில் நின்றும் பேசிக்கொண்டிருந்தது அமெரிக்க வெள்ளிக் கொல்லரும் செதுக்குநருமான பால் ரிவியரின் படத்தைப் பற்றித்தான். அதனால் அதையே விரிவாகப் பதிவு செய்கிறேன்.

1770 மார்ச் 5 இரவு, அன்று பிரிட்டனின் ஆட்சியில் இருந்த அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், கிங் தெருவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ரிவியரின் படம் விற்பனைக்கு வந்துவிட்டது. அதில் சிப்பாய்கள் வரிசை பிசகாமல் நின்று ஒன்றாகச் சுடுகிறார்கள். பின்னால் அவர்களுடைய அதிகாரி கேப்டன் பிரெஸ்டன் வாளை உயர்த்தி உத்தரவிடுகிறார். எதிரே நிற்பவர்கள் கையில் ஒரு தடிகூட இல்லை. சுங்கக் கட்டடத்தின் மேல் ‘கசாப்புக் கூடம்’ என்று பெயர்ப்பலகை. தெருவில் சலனமே இல்லாமல் ஒரு நாய். அன்று தரையில் கிடந்த பனியைக் காணோம்.

நீதிமன்றத்தில் வெளிவந்தது வேறு. தள்ளுமுள்ளும் பனிக்கட்டி வீச்சும் நடந்ததைச் சாட்சிகள் சொன்னார்கள். பின்னாளில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் சிப்பாய்களுக்காக வாதாடினார். பிரெஸ்டன் விடுதலையானார், எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேரும் விடுதலை. மற்ற இருவருக்குக் கட்டைவிரலில் சூடு போட்டார்கள். அதற்குள், மக்களை பிரிட்டிஷாருக்கு எதிராகத் திருப்பும் தன் வேலையைப் படம் முடித்துவிட்டது.

இறந்தவர்களில் ஒருவரான கிறிஸ்பஸ் அட்டக்ஸ் ஆப்பிரிக்க, அமெரிக்கப் பூர்வகுடி வம்சாவளியினர். படத்தின் அடியில் அவர் பெயர் இருக்கிறது. மேலே அவரை அடையாளம் காண முடியவில்லை. இது உறுப்பினர்கள் பலரையும் வருத்தியது.

அப்புறம் ஹென்றி பெல்ஹாம். காட்சியை முதலில் வரைந்தவர் அந்த 21 வயது இளைஞர்தான். ரிவியர் அதைப் பார்த்துத் தகடு செதுக்கி, முந்திக்கொண்டு விற்றுவிட்டார். இது வழிப்பறிக்குச் சமம் என்று பெல்ஹாம் அவருக்கே கடிதம் எழுதினார். அந்தக் கோபம் நியாயமானது என்பதே என் கருத்து. புகழ் முழுவதும் இன்றும் ரிவியருக்கே போகிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். படங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்த உறுப்பினர்களுக்கும், கூட்டம் நடத்த இடம் தந்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு இந்தப் படங்களைப் பள்ளி மாணவர்களுக்காகக் கண்காட்சியாக வைக்க எண்ணியுள்ளோம். பாஸ்டன் படத்தின் கீழ் பெல்ஹாமின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும் என்று முன்மொழிகிறேன். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்