உயில் எழுதிட்டேன்டி கொலுசு

அடியே கொலுசு,

போன வாரம் நீ போன் பண்ணப்ப வேணும்னேதான் எடுக்கல, எடுத்தா எல்லாத்தையும் பாதி பாதியா உளறிருப்பேன், அதான் இப்ப நிதானமா உக்காந்து டைப் பண்றேன். உயில் எழுதிட்டேன். சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ்ல பதிஞ்சும் ஆச்சு. சாட்சிக்கு பக்கத்து வீட்டு பையனையும் எங்க ஸ்கூல் கணக்கு டீச்சரையும் கூப்ட்டேன், உன்ன கூப்டல. கோச்சுக்காத, காரணம் இருக்கு, கடைசில சொல்றேன்.

ஆத்தூர்ல ஒரு சாவு, போயிருந்தேன். எங்க மூத்த மச்சாண்டார் மகன், எங்க வீட்டுக்காரரு போன இந்த பன்னெண்டு வருஷத்துல என் வாசப்படிய மிதிக்காதவன், அன்னைக்கு காபி டம்ளர கொண்டாந்து கைல குடுத்துட்டு பக்கத்துல உக்காந்து "சித்தி, கன்னங்குறிச்சி வீட்டுக்கு பட்டா உங்க பேர்லதான இருக்கு?"ன்னு கேக்கறான். எனக்கு பொரை ஏறிருச்சு. நான் சாக்பீஸ் தூள தின்னு தின்னு லோன் கட்டின வீடுடி அது.

என் காசுல வாங்கினது, புள்ள இல்ல, நான் போனா தங்கச்சிக்கோ அவ மகளுக்கோ தானா போயிரும்னுதான் இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன். அப்டி இல்லையாம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துல 15ம் பிரிவு, உயில் எழுதாம பொம்பள செத்தா மொதல்ல புள்ளைங்களும் புருஷனும், அவங்க யாரும் இல்லேன்னா அடுத்து புருஷனோட வாரிசுங்க, அதுக்கும் அப்பறம்தான் நம்மள பெத்தவங்க. அப்பா அம்மா கிட்ட இருந்து வாரிசா வந்த சொத்தா இருந்தா, புள்ள இல்லாத பட்சத்துல பொறந்த வீட்டு பக்கமே திரும்பும், ஆனா நாமளே சம்பாதிச்சதுக்கு அந்த சலுகை இல்ல. வயிறு எரியுதா இல்லியா? 2009ல சுப்ரீம் கோர்ட்ல ஒரு கேஸ், கல்யாணம் ஆகி மூணே மாசத்துல புருஷன் பாம்பு கடிச்சு செத்துட்டான், மாமியார் வீட்ல தொரத்தி விட்டுட்டாங்க, பொறந்த வீட்டுல படிக்க வச்சு அவ வேலைக்கு போயி சம்பாதிச்சு சேத்தா, உயில் எழுதாம போயிட்டா, கடைசில கோர்ட் அந்த காச தொரத்துன வீட்டாளுங்களுக்கே குடுத்துச்சு. இத படிச்ச அன்னைக்கு நைட்டு நான் தூங்கல.

மறுநாளே ஆன்லைன்ல தேடுனேன். எல்லா இடத்துலயும் "எஸ்டேட் பிளானிங்"னு போட்டிருந்துச்சு, எனக்கு ஏற்காட்டுல ஒன்னோட நாகலூர் காப்பித் தோட்டம்தான் கண்ணுல நிக்குது, சொத்துக்குதான் இங்கிலீஷ்ல அப்டி சொல்றாங்கன்னு அப்பறம்தான் புரிஞ்சுது, சிரிக்காத. ஒரு சைட்ல பணம் கட்டி கேள்விக்கு பதில் போட்டுட்டே வந்தா உயில் தயாராகி வந்துரும். உள்ளத சொல்லணும்னா அந்த கேள்விங்க நல்லாவே இருந்துச்சு, யாரு நிறைவேத்தறது, நீ எழுதி வைக்கிற ஆளு உனக்கு முன்னாடியே போயிட்டா யாருக்கு போகணும், இதெல்லாம் நானா யோசிச்சிருக்க மாட்டேன். ஆனா சர்வே நம்பர், உட்பிரிவு, நாலு எல்லை இதுக்கெல்லாம் எடமே இல்ல, "வீட்டு முகவரி"னு ஒரே கட்டம். பட்டாவையும் கிரையப் பத்திரத்தையும் பக்கத்துல வச்சுக்கிட்டு நானேதான் சேத்து அடிச்சேன்.

முக்கியமான வெசயம் இதான். எல்லாம் முடிஞ்சு ஓடிபி போட்டா சரின்னு நெனச்சேன், கிடையாது. 2000 வருஷத்து ஐடி சட்டத்துல, அதான் தகவல் தொழில்நுட்பச் சட்டம், உயில தனியா விலக்கி வச்சிருக்காங்க, கம்ப்யூட்டர் கையெழுத்து செல்லாது. பிரிண்ட் எடுத்து பேனாவால போடணும், ரெண்டு சாட்சி அத பாத்து அவங்களும் போடணும். வெள்ளப் பேப்பரே போதும். ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதுற ஒருத்தரு ஸ்டாம்ப் பேப்பர் இல்லாம செல்லவே செல்லாதுன்னு அடிச்சு சொன்னாரு, நானும் டீச்சர்தான, விடுவனா. பதியறதும் கட்டாயம் இல்ல, ஆனா மச்சாண்டார் மகன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு, பதிஞ்சுட்டேன். போட்டோ, கைரேக, "சுயநினைவோடதான எழுதுனீங்க"ன்னு ஒரு கேள்வி, இவ்ளோதான்.

தங்கச்சி வீட்டுக்காரரு எதுக்கு உயிலு, இப்பவே செட்டில்மென்ட் பண்ணிரலாம்லன்னாரு. செட்டில்மென்ட்னா அன்னைக்கே வீடு அவங்களுது. உயில்னா நான் மூச்சு விடற வரைக்கும் எனக்குதான், மனசு மாறுனா மாத்தி எழுதிக்கலாம், கடைசியா எழுதினதுதான் நிக்கும். தங்கச்சி மக தங்கமான புள்ளதான், இருந்தாலும் சாவி என் இடுப்புலயே இருக்கட்டும்.

பேங்க்ல பாத்தா எப்டி சிரிக்கறதுன்னு தெரியல, நாமினி இன்னும் எங்க வீட்டுக்காரரு பேருதான்! மாத்துனேன். 2025 நவம்பர்ல இருந்து நாலு பேரு வரைக்கும் போடலாம். ஆனா நாமினி பணத்த வாங்கிக்கிற ஆளுதான், சொந்தக்காரன் இல்ல, வாரிசுக்கோ உயில்ல இருக்கறவங்களுக்கோ குடுத்தாகணும், நானும் இத்தன வருஷமா வேற மாதிரி நெனச்சிருந்தேன்.

இப்ப உன் கதைக்கு வரேன். உங்கப்பா வெள்ளிப் பட்டறை காசுல வாங்கி உன் பேருக்கு எழுதின தோட்டம். நீ எழுதாம போனா உன் வீட்டுக்காரருக்கும் ரெண்டு புள்ளைங்களுக்கும் ஆளுக்கொரு பங்கு. மெல்போர்ன்ல இருக்கறவன் வித்துரலாம்பான், காப்பி பறிக்கற ஆளு கூலில இருந்து மெளகு எடை வரைக்கும் பாக்கறது உன் மகதான், நீயே எத்தன தடவ சொல்லி அழுதிருக்க. அழுதத பேப்பர்ல எழுதுடி. எங்கிட்ட பிரிண்ட் இருக்கு, பேர மாத்திக்கலாம்.

சரி, சாட்சி விவகாரம். உயில்ல எதாவது வாங்கிக்கறவங்க சாட்சி போட வேணாம்பாங்க, நாளைக்கு வம்பு. என் கல்யாணத்துக்கு உங்கப்பா பட்டறைல அடிச்சு குடுத்த சலங்கை வச்ச கொலுசு உனக்கு எழுதிருக்கேன். நாலாவது பக்கம், எடையோட. எனக்கு முன்னாடி நீ போயிட்டா உன் மகளுக்கு. செவ்வாப்பேட்டைல குடுத்து பாலிஷ் போட்டு வச்சிருக்கேன், கீழ எறங்கறப்ப வந்து பாரு, இப்ப தர மாட்டேன். வர்றப்ப மெளகு கால் கிலோ.

உன்
டீச்சரம்மா