தேன்மொழியின் சாப்பாட்டுத் தட்டு

அன்புள்ள செல்வி,

உன் இரண்டு கடிதங்களும் மேசையில் கிடக்கின்றன. பதில் போடாதது என் தப்புதான். திட்டுவதையெல்லாம் நேரில் சேர்த்துத் திட்டிக்கொள். மேரி அக்கா இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து நடக்கிறாள். நடக்கத் தொடங்கிய அன்றே வார்டன் குரலும் திரும்பிவிட்டது.

எனக்குச் சர்க்கரை நோய் வந்திருக்கிறது. செருப்புக் கடித்த புண் ஆறவில்லையே என்று போனேன். ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 7.9 சதவீதம். நாற்பத்தெட்டு கிலோ உடம்புக்கு! செய்தி கேட்ட ஒவ்வொருவரும் "இனிப்பைக் குறைத்திருக்கலாமே" என்கிறார்கள். இருபது வருடமாகச் சர்க்கரை போடாத காப்பி குடிக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது? அந்தக் கோபத்தில்தான் படிக்க உட்கார்ந்தேன். படித்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, காரணம் பிறகு வருகிறது.

புனேயில் யாஜ்னிக் என்று ஒரு மருத்துவர். அவரும் யூட்கின் என்ற ஆங்கில மருத்துவரும் அருகருகே நிற்கும் படம் 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! ஒல்லி என்று நாம் பெருமைப்படும் உடம்புக்குள் தசை குறைவு, கொழுப்பு அதிகம். பிறக்கும்போதே அப்படித்தானாம். புனே பக்கத்துக் கிராமக் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. அவ்வளவு சின்ன உடம்பிலும் முதுகுத் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

ஏன்? பஞ்சத்தில் அடிபட்ட முன்னோர்களில், கிடைத்ததைக் கொழுப்பாகச் சேர்த்துவைத்த உடம்புகளே பிழைத்தன, அந்த மரபணுதான் இன்று நமக்குப் பகை என்று 1962இல் ஜேம்ஸ் நீல் என்ற அமெரிக்க மரபியலாளர் எழுதினார். 1992இல் ஹேல்ஸ், பார்க்கர் என்ற இரண்டு ஆங்கில ஆய்வாளர்கள், மரபணுவைவிடக் கருப்பையைப் பாருங்கள் என்றார்கள். தாய்க்குச் சாப்பாடு போதாதபோது கரு முதலில் மூளையைக் காப்பாற்றுகிறது; தசையும் கணையமும் சிறுநீரகமும் விட்டுக்கொடுக்கின்றன. பற்றாக்குறைக்குப் பழகிய அந்த உடம்பு பின்னாளில் மூன்று வேளையும் சோறு கிடைக்கும் வீட்டில் வளர்ந்தால், இருக்கிற இன்சுலின் ஈடு கொடுக்காது. எனக்கு இவர்கள் சொல்வதுதான் மனதில் தைக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் உணவு வரத்தை அடைத்தபோது, நெதர்லாந்தின் மேற்கு நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிகூடக் கிடைக்கவில்லை. அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதில் சோதித்தார்கள். அதே ஆம்ஸ்டர்டாமில் முன்னும் பின்னும் பிறந்தவர்களைவிட இவர்களின் உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கத் திணறியது. பிறந்தது ஒரே ஊர், ஒரே ஜனம். நடுவில் வந்தது அந்தப் பசி ஒன்றுதான்.

இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை, செல்வி. நான் 1966இல் பிறந்தவள். அம்மா என்னைச் சுமந்தது அரிசிப் பஞ்சத்தில். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சே ஒரு தேர்தலின் முடிவை மாற்றும் அளவுக்கு இருந்த பஞ்சம் அது. எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகு, அம்மா பானையைச் சாய்த்துப் பிடித்து, அடியில் ஒட்டிய பருக்கைகளை அகப்பையால் சுரண்டி, நீர் ஊற்றி, உப்பும் சின்ன வெங்காயமுமாய்ச் சாப்பிடுவாள். "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்பாள். அறுபது வயதை நெருங்கும்வரை அதை நம்பியிருந்தேனே!

இப்போது காரணத்துக்கு வருகிறேன். பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம் என்று சம்பந்தியம்மா பிள்ளைத்தாய்ச்சியான உன் மகள் தேன்மொழியை அரை வயிற்றுக்குச் சாப்பிடச் சொல்வதாக, போகிற போக்கில் எழுதியிருந்தாய். அதைப் போகிற போக்கில் விடாதே. அந்த அம்மாள் கெட்டவரில்லை, அவருக்கு அவர் மாமியார் சொன்னது. நீ பக்குவமாகப் பேசு. இரண்டு ஆள் சாப்பாடு வேண்டாம், லட்டும் அல்வாவும் வேண்டாம். புனே ஆய்வில் கீரை, பால், பழம் அடிக்கடி சாப்பிட்ட தாய்மார்களுக்குத்தான் பிள்ளைகள் நன்றாக வளர்ந்து பிறந்தன. முட்டை சாப்பிடுவாள்தானே, தினம் ஒன்று கொடு. குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் சோதனையைத் தள்ளிப்போட விடாதே.

இன்னொன்று. பெண் குழந்தைக்குக் கருமுட்டைகள் அத்தனையும் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றனவாம். அப்படியானால் தேன்மொழியின் வயிற்றில் இப்போது வளரும் உயிருக்கான கருமுட்டை, நீ அவளைச் சுமந்த காலத்தில் உன் வயிற்றில் உருவானது. எது சாப்பிட்டாலும் வாந்தி எடுத்தாயே, தயிர்ச் சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் மட்டும்தான் தங்கும் என்று நான் தூக்குவாளியோடு பஸ் ஏறி வந்தேனே, அந்த மாதங்களில்.

வருகிற ஞாயிறு கோவில்பட்டிக்கு வருகிறேன். வீட்டு முருங்கையில் கொழுந்து விட்டிருக்கிறது, ஒடித்துக்கொண்டு வருகிறேன். தேன்மொழியையும் வரச்சொல். அவள் தட்டில் நானே பரிமாறுகிறேன்.

உன்,
வசந்தா