விசாரிக்கும் உரிமை யாருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வடதுருவப் பகுதித் துப்பறியும் நாவல்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். இவ்வகை நாவல்களைப் பல வருடங்களாகத் தேடிப் படிப்பவன் என்ற முறையில் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். கட்டுரை முழுக்கப் பனி, இருட்டு, ஓநாய். அங்கே வாழும் பூர்வகுடி மக்கள் ஓரமாக நிற்கிறார்கள். அந்த நாவல்களில் நல்லவற்றை எடுத்துப் பாருங்கள்: குற்றம் நடந்தால் அதை விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்விதான் கதையை நகர்த்தும்.

1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆலிஃபன்ட் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. பூர்வகுடி அல்லாத ஒருவர் பழங்குடி நிலத்துக்குள் வந்து குற்றம் செய்தாலும், பழங்குடி நீதிமன்றம் அவரைத் தண்டிக்க முடியாது. சரி, வேறு யார் தண்டிப்பது? இடத்தைப் பொறுத்து மத்திய அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வர வேண்டும், அல்லது மாநிலப் போலீஸ் வர வேண்டும். 2013-இல்தான் குடும்ப வன்முறை வழக்குகளில் அந்த அதிகாரத்தின் ஒரு பகுதி பழங்குடி நீதிமன்றங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

அலாஸ்காவின் நிலைமை இன்னும் மோசம். மூன்றில் ஓர் ஊருக்கு உள்ளூர்க் காவலரே இல்லை என்று 2019-இல் பத்திரிகையாளர்கள் கண்டறிந்து எழுதினார்கள். பல ஊர்களுக்குச் சாலை கிடையாது. மாநிலப் போலீஸார் சிறு விமானத்தில் வர வேண்டும். வானிலை கெட்டால் அதுவும் இல்லை. சடலம் கிடக்கும் இடத்தைக் காவல் காக்கக்கூட ஆள் இருக்காது. டேனா ஸ்டாபெனோ 1992-இல் தொடங்கிய நாவல் வரிசையின் நாயகி கேட் ஷுகாக், அரசு வழக்கறிஞர் அலுவலக வேலையை விட்டுவிட்டுக் காட்டுக்குள் வாழும் அலூட் பூர்வகுடிப் பெண். அதிகாரிகள் ஏன் அவளைத் தேடி வருகிறார்கள் என்பது இதெல்லாம் தெரிந்தால்தான் விளங்கும்.

இவ்வகை நாவல்கள் எழுதும் மெலனி மெக்ராத் இங்கிலாந்துக்காரர். ஆனால் நாவலுக்கு முன்பே, 1953-இல் கனடா அரசு செய்த ஒரு கொடுமையைப் பற்றித் தனி வரலாற்று நூல் எழுதியவர். கியூபெக்கின் வடக்கே வாழ்ந்த இனுயிட் பூர்வகுடிக் குடும்பங்களை, வேட்டை நிறையக் கிடைக்கும் என்று சொல்லி, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் இறக்கிவிட்டது அரசு. மாதக்கணக்கில் சூரியனே எட்டிப் பார்க்காத குளிர்காலத்தை அதுவரை கண்டிராதவர்கள் அவர்கள். பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம் என்ற வாக்கும் காப்பாற்றப்படவில்லை. 2010-இல்தான் அரசு மன்னிப்புக் கேட்டது. 2011-இல் தொடங்கிய அவருடைய நாவல்களில் அந்த வரலாறு கதைக்கு அடியில் ஓடுகிறது. அதனால்தான் அந்த நாவல்களின் குளிர் வெறும் அலங்காரமாகத் தெரிவதில்லை.

இருந்தாலும் பூர்வகுடி மக்களுக்குள்ளிருந்தே எழுத வந்தவர்களைத்தான் நான் முதலில் வைப்பேன். கட்டுரையில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை என்பது எனக்கு மிகவும் வருத்தம். ஒஜிப்வே இனத்தவரான ஏஞ்சலின் பூலி 2021-இல் எழுதிய ‘ஃபயர்கீப்பர்ஸ் டாட்டர்’ நாவலில், போதைமருந்துக் கும்பலைப் பிடிக்க 18 வயதுப் பெண்ணை எஃப்.பி.ஐ. உளவு சொல்லக் கேட்கிறது. தன் மக்களின் மூலிகை அறிவில் எதை அரசிடம் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவள் தவிக்கிறாள். கொலையாளி யார் என்பதைவிட அந்தத் தவிப்புதான் என்னைப் பக்கம் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

ஒயிட் எர்த் பழங்குடியைச் சேர்ந்த மார்சி ரெண்டனின் நாயகி கேஷ், அமெரிக்காவின் மினசோட்டா மாநில எல்லையில் லாரி ஓட்டும் 19 வயதுப் பெண். மூன்று வயதில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, வளர்ப்பு வீடுகள் பலவற்றில் அலைக்கழிக்கப்பட்டவள். இது அவருடைய கற்பனை மட்டும் இல்லை. பூர்வகுடிக் குழந்தைகளில் 25 முதல் 35 சதவீதம் பேர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டிருந்ததை 1970-களின் ஆய்வுகள் காட்டின. அதைத் தடுக்கும் சட்டம் வந்ததும் 1978-இல்தான். அவள் ஊரில் பனிக்காடு கிடையாது, வயல்வெளிதான். மர்மத்துக்கு அதனால் ஒரு குறைவும் இல்லை.

இந்த இருவரைப் பற்றியும் ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மொழிபெயர்க்க முன்வருபவர்கள் யாராவது இதைப் படித்தால், ரெண்டனின் முதல் நாவலிலிருந்து தொடங்கலாம். 2017-இல் வந்தது. சின்னப் புத்தகம், நடையும் எளிது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்