வேகம் என்பது ஒற்றை எண் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இணைய இணைப்பின் தரத்தைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் வேகச் சோதனைத் தளம் காட்டும் மெகாபிட் எண்ணை மட்டுமே அளவுகோலாகக் கொள்கின்றன. அந்த எண் பொய்யன்று. ஆனால் அது எதை அளந்தது, எந்த முனையில் அளந்தது என்று தெரியாமல் அதைப் பாராட்டுவதாலோ பழிப்பதாலோ பயனில்லை. நிரல் எழுதத் தெரிந்த வாசகர்கள் வரும் இணைப்புகளை ஏற்றுக்கொள்ளும் ஒரு சிறிய சர்வர் நிரலைத் தாங்களே எழுதி அளந்து பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பைத்தானில் ஐம்பது வரிகள்கூடத் தேவைப்படா.

இதற்கான மாதிரி 1983-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. வந்த பைட்டுகளை அப்படியே திருப்பி அனுப்பும் எக்கோ, வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு விட்டுவிடும் டிஸ்கார்டு ஆகிய இரு நெறிமுறைகளையும் (கணினிகள் ஒன்றோடொன்று பேசும் விதிகளையும்) இணைய முன்னோடி ஜான் போஸ்டல் அவ்வாண்டு மே மாதம் மிகச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். அவற்றுக்குரிய போர்ட் எண்கள் (கணினியில் எந்தச் சேவை என்பதைக் குறிப்பவை) முறையே 7, 9. எக்கோவைக் கொண்டு தாமதத்தையும், டிஸ்கார்டைக் கொண்டு தரவு பாயும் அளவையும் அறியலாம். இவ்விரண்டும் வேறு வேறு என்றாலும் தொடர்பற்றவை அல்ல: போய்வரும் நேரம் 100 மில்லி விநாடியாக உள்ள இணைப்பில், ‘கிடைத்தது’ என்ற ஒப்புகை மறுமுனையிலிருந்து வருவதற்கு முன் 64 கிலோபைட் மட்டுமே அனுப்ப முடியும் என்றால், இணைய இணைப்பு எத்தனை பெரிதாக இருந்தாலும், தரவு விடுபடாமல் வரிசையாகச் சேர்வதை உறுதிசெய்யும் டிசிபி நெறிமுறையின் ஒற்றை இணைப்பில் விநாடிக்கு ஐந்து மெகாபிட்டுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும்.

எழுதிப் பார்க்கும்போதுதான் தெரியவரும் சில நுணுக்கங்கள் உண்டு. டிஸ்கார்டு சோதனையில் அனுப்பும் முனையில் மட்டும் நேரத்தைக் கணக்கிட்டால் விடை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக வரக்கூடும். ஏனெனில் அனுப்பும் கட்டளை முடிந்துவிட்டது என்பதற்கு, தரவு இயங்குதளத்தின் இடைநினைவகத்தில் சேர்ந்துவிட்டது என்று மட்டுமே பொருள், மறுமுனையை அடைந்துவிட்டது என்று பொருளன்று. பெறும் முனையே பைட்டுகளை எண்ணி, நேரத்தையும் கணக்கிட வேண்டும். தாமதத்துக்கோ இதற்கு நேர்மாறான ஏற்பாடு: இரு கணினிகளின் கடிகாரங்களும் ஒத்துப்போவதில்லை என்பதால், அனுப்பிய முனையிலேயே, இடையில் யாரும் திருத்தி வைக்காத மோனோடோனிக் கடிகாரத்தைக் கொண்டு, போய்வரும் நேரத்தை அளப்பதே முறை.

மிகவும் கற்றுத்தருவது இன்னொன்று. செய்தியின் நீளத்தை முதலிலும் உள்ளடக்கத்தைப் பின்னரும் தனித்தனியாக அனுப்பும் நிரலை எழுதி, லினக்ஸ் கணினிகள் இரண்டை அருகருகே வைத்துச் சோதித்தால், ஒரு மில்லி விநாடிக்குள் வரவேண்டிய பதில் 40 மில்லி விநாடி கழித்து வருவதைக் காண நேரிடலாம். இதில் இணைப்பின் குற்றம் ஏதுமில்லை. சிறிய பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) ஒன்றாகச் சேர்த்து அனுப்புவதற்காக ஜான் நேகிள் 1984-இல் முன்வைத்த உத்தி, முதல் துண்டுக்கு ஒப்புகை வரும்வரை இரண்டாம் துண்டை நிறுத்திவைக்கிறது. மறுமுனையோ ஒப்புகையைச் சற்றுத் தள்ளிப்போட்டு அனுப்புகிறது. இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கின்றன. இரு துண்டுகளையும் சேர்த்து ஒரே முறையில் அனுப்பினாலோ, நிரல் இணைப்பைக் கையாளும் சாக்கெட்டில், நேகிளின் உத்தியை நிறுத்திவைக்கும் நோடிலே (TCP_NODELAY) தெரிவை இயக்கினாலோ தாமதம் மறைந்துவிடும். எத்தனையோ செயலிகளின் மந்தத்துக்கு இணைப்பின்மீது பழி போடப்படுகிறது என்பதால்தான் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். இத்தகைய சர்வரை முதலில், அதே கணினியையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் இயக்க வேண்டும். பொது இணையத்தில் திறந்துவைக்கக் கூடாது. குறிப்பாக, ஒப்புகைக்குக் காத்திராமல் தரவை அனுப்பும் யுடிபி நெறிமுறை வழியாக இயங்கும் எக்கோ போன்ற சேவைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு வலையமைப்பையே முடக்கிவிடலாம் என்று 1996-லேயே அமெரிக்காவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட் (CERT) மையம் எச்சரித்திருக்கிறது.

இனி இணைப்புகளை ஒப்பிட்டுக் கட்டுரை வெளியிடும்போது, மெகாபிட் எண்ணுடன் போய்வரும் நேரத்தின் இடைநிலை அளவையும், நூறு முறை அளந்தால் அவற்றுள் மிக மோசமான ஐந்தின் அளவையும், சோதனைச் சர்வர் இருந்த தொலைவையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடி இழையில் ஒளி 1,000 கிலோமீட்டர் போய்வரவே ஏறத்தாழ 10 மில்லி விநாடி ஆகும் என்பதால், தொலைவைச் சொல்லாத தாமதக் கணக்கைக் கொண்டு வாசகர் எதையும் ஒப்பிட இயலாது.

இப்படிக்கு,
வலையமைப்பு நிரலாக்கம் கற்பிக்கும் ஒரு வாசகர்