சித்தப்பாவுக்கு, சிலியிலிருந்து

அன்டோஃபகாஸ்டா, சிலி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நலம். புதுச்சேரியில் சித்தியும் பிள்ளைகளும் சுகம்தானே? இந்தப் பாலைவனத்தில் மழை என்ற பேச்சே இல்லை. அந்த வறட்சிக்காகத்தான், ஐரோப்பியர்கள் கட்டும் ELT என்ற ராட்சதத் தொலைநோக்கிக்கு 3,046 மீட்டர் உயரமுள்ள செர்ரோ அர்மசோனெஸ் உச்சியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். உச்சியைச் சமப்படுத்த 2014இல் மலைக்கு வெடி வைத்தார்கள்.

அந்தத் தொலைநோக்கியின் 39 மீட்டர் அகல முதன்மைக் கண்ணாடியை எப்படி வார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஒரே வார்ப்பில் 8.4 மீட்டரைத் தாண்டி இதுவரை யாரும் செய்ததில்லை. அதனால் இது 798 அறுகோணத் துண்டுகள். ஒவ்வொன்றும் சுமார் 1.4 மீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் கனம். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் வார்ப்பு. சூடு ஏறி இறங்கினாலும் ஏறக்குறைய விரியாத செரோடுர் என்ற பொருள். மெருகு பிரான்சில், புவாத்தியே அருகே. மேடு பள்ளம் 10 நானோமீட்டரைத் தாண்டக் கூடாது (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). துண்டைப் பின்னாலிருந்து 27 இடங்களில் தாங்கும் சட்டம் நெதர்லாந்தில் செய்தது. பிறகு இங்கே வந்து, பக்கத்து மலையான பாரனாலில் உள்ள வான் ஆய்வகத்தில் வெள்ளிப் பூச்சு. தொலைநோக்கியை மூடும் குவிமாடமும் இரும்புச் சட்டகமும் இத்தாலியர் வேலை.

பட்டறைக்காரரான உங்களுக்குப் பிடிக்கும் இடம் இனிமேல்தான். துண்டுகளுக்கு நடுவே 4 மில்லிமீட்டர் இடைவெளி. தொலைநோக்கி சாயச் சாய இரும்பு வளையும், காற்று தள்ளும், துண்டுகள் மேலும் கீழுமாக நகரும். விளிம்பு உணரிகள் பக்கத்துத் துண்டோடு உள்ள உயர வித்தியாசத்தை அளந்துகொண்டே இருக்கும். துண்டுக்கு மூன்று வீதம் 2,394 இயக்கிகள், அதாவது துண்டை நகர்த்தும் கருவிகள், அதைச் சரிசெய்யும். அவற்றின் துல்லியம் 2 நானோமீட்டர். உங்கள் மைக்ரோமீட்டரின் ஒரு கோட்டை ஐயாயிரமாகக் கூறுபோட்டால் வரும் அளவு!

வேலை ஓயாத இடம் பூச்சுதான். வெள்ளி மங்கும், தூசி படியும். அதனால் தினமும் ஒன்றிரண்டு துண்டுகளைக் கழற்றி, பழைய பூச்சைக் கரைத்து, வெற்றிடக் கலத்தில் புதிதாகப் பூச வேண்டும். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 18 மாதம். கழற்றிய இடம் காலியாக இருக்கக் கூடாது. ஆனால் கையில் கிடைத்த துண்டை வைக்கவும் முடியாது. மையத்திலிருந்து உள்ள தூரத்துக்கேற்ப வளைவு மாறுவதால் 133 விதத் துண்டுகள், ஒவ்வொரு விதத்திலும் ஆறு. விதத்துக்கு ஒன்றாக 133 உபரித் துண்டுகள் அதற்குத்தான். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவைத்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இதுபோன்ற வேலையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு, ஆனால் வேறொரு தொலைநோக்கியில். அமெரிக்கா, ஜப்பான், கனடாவோடு இந்தியாவும் சேர்ந்த முப்பது மீட்டர் தொலைநோக்கிக்கு 492 துண்டுகள்; விளிம்பு உணரி செய்யும் பொறுப்பு இந்தியாவுடையது, அந்த வேலை நடப்பது புதுச்சேரியில். ஹவாயின் மௌனா கியா மலையைப் புனிதமாகக் கருதும் அந்த மண்ணின் மக்கள் பலர் எதிர்ப்பதால் அங்கே கட்டுமானம் நிற்கிறது. அவர்கள் சம்மதம் இல்லாமல் கட்டுவது சரியல்ல என்பதே என் எண்ணம்.

அந்த உணரிகளைப் பற்றி அங்கே தொழில் தெரிந்த யாராவது சொன்னால் எழுதுங்கள். அவற்றில் கண்ணாடிமீது உலோகம் படியவைக்கும் விதத்தை அறிய ஆசை.

உங்கள் அண்ணன் மகள்